நொதிகளின் பயன்கள்: பட்டியல் போதுமா?

நொதிகளின் தொழில் பயன்களைப் பற்றி நம் பாடநூல்களும் அறிவியல் கட்டுரைகளும் எழுதும் முறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. சலவைத்தூள், பாலாடைக்கட்டி, ரொட்டி, பழச்சாறு, தோல் பதனிடுதல் என ஒரு பட்டியல் வரும். சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்ற பாராட்டுடன் பாடம் முடியும். நொதி எந்த இடத்தில், எதன்மீது, எவ்வாறு செயல்படுகிறது என்று கேட்டால் மாணவரிடம் விடை இராது. பட்டியலில் ஒரே சொல்லாக வந்துபோகும் தோல் பதனிடுதலைக் கொண்டே இக்குறையை ஆராயலாம்.

தாம்பரத்திற்கு வடக்கேயுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயரைத் தந்ததே 'குரோம் லெதர் கம்பெனி' என்ற தோல் தொழிற்சாலைதான். பல்லாவரம், நாகல்கேணி பகுதிகளிலும் இத்தொழில் வேரூன்றியது. ஆகவே இப்பாடம் நமக்கு அயலானதன்று.

தோல் பதனிடுதல் பல படிகளைக் கொண்டது. முதலில் மயிரை நீக்க வேண்டும். வழக்கமான முறையில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் தோலை ஊற வைப்பர். சல்பைடு, மயிரிலுள்ள கெராட்டின் என்னும் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை முறித்து மயிரையே கூழாக்கிவிடும். அக்கூழ் கழிவுநீரில் சேரும். அந்நீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும்.

புரதத்தைச் சிதைக்கும் நொதியோ மயிர்க்காலைச் சுற்றியுள்ள பொருள்களைச் சிதைத்துப் பிடிப்பைத் தளர்த்துகிறது. மயிர் கரையாமல் முழுதாக உதிர்கிறது. அதை வாரி எடுத்துவிடலாம். 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அடுத்த படியில் தோலை மென்மையாக்க ஒரு காலத்தில் நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் பயன்படுத்தினர். அவற்றில் வேலை செய்தவையும் நொதிகளே. 1908 வாக்கில் ஜெர்மானியரான ஓட்டோ ரோம் கணைய நொதியைக் கொண்டு அந்த அருவருப்பான வேலைக்கு மாற்றுக் கண்டார்.

இனிப் பட்டியல் சொல்லாததைப் பார்ப்போம். தோலும் கொல்லாஜன் என்னும் புரதமே. நொதியின் தன்மை, வெப்பநிலை, அமில-காரநிலை, நேரம் ஆகியவை பிசகினால் மயிரோடு தோலின் மேற்பரப்பும் கெடும். சுண்ணாம்பும் சல்பைடும் மலிவு, பழகியவை. நொதி முறை அவற்றை முற்றிலும் வெளியேற்றாததன் காரணங்கள் இவை.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. தோலைக் கெடாமல் காப்பது அதன்பின் வரும் குரோமிய உப்பு. கழிவுநீரில் குரோமியம் சேர்வது இப்படியில்தான். மயிர் நீக்கும் நொதி எவ்வளவு சிறந்ததாயினும் குரோமியத்தைக் குறைக்காது. "நொதி வந்தால் தோல் தொழில் தூய்மையாகிவிடும்" என எழுதுவது பாதி உண்மையே. நிலத்தடி நீரை நம்பி வாழ்வோருக்கு எஞ்சிய பாதிதான் தேவை. தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பொருளை உணரவும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

சலவைத்தூளுக்கும் இது பொருந்தும். புரதக் கறையை நீக்கும் நொதி, புரத இழையான பட்டையும் கம்பளியையும் தாக்கக்கூடும். நொதித் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததை 1969-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் வெளியிட்டனர். பின்னரே நொதியை மேற்பூச்சிட்ட மணிகளாக்கும் வழக்கம் பரவியது.

பட்டியலை நீக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று வினாக்களைச் சேர்ப்போம்: நொதி எதைத் தாக்குகிறது? எதற்கு மாற்றாக வந்தது? எதை மாற்றவில்லை? மூன்றாவது வினாவுக்கு விடை எழுதும் மாணவரே பாடத்தை உண்மையில் கற்றவராவார்.