தாய்ப்பத்திரத்தைப் படிக்க யாருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுகிறவருக்கு உரிமம் வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகள் அதற்கென்றே வந்தவை. அந்தப் பத்திரத்தைப் படித்து, விற்கிறவருக்கு விற்கும் உரிமை உண்மையிலேயே இருக்கிறதா என்று சொல்கிறவருக்கு எந்த உரிமமும் கிடையாது. வங்கிக் கடனுக்குப் போனால் வங்கியின் பட்டியலில் உள்ள வக்கீல் ‘லீகல்’ பார்ப்பார். அவர் நீதிமன்றத்தில் வாதாடத் தகுதி பெற்றவர்; முப்பதாண்டு ஆவணத் தொடரைப் படித்து முடிவு சொல்லும் தகுதி அவரிடம் இருக்கிறதா என்று யாரும் தனியாகச் சோதித்ததில்லை. அரசுத் தரப்பிலோ அப்படியொரு பதவியே இல்லை. சார்பதிவாளர் பதிகிறார், சர்வேயர் அளக்கிறார், வட்டாட்சியர் பட்டாவில் பெயர் மாற்றுகிறார். நிலம் யாருடையது என்ற கேள்வி இந்த மூன்று மேசைகளையும் சுற்றிவிட்டு, பல வருடம் கழித்து உரிமையியல் நீதிமன்றத்தில் போய் விழுகிறது.

இந்த ஓட்டையை அடைக்க 2022இல் அரசு ஒரு முயற்சி செய்தது. பதிவு விதிகளில் 55ஏ என்ற புது விதி சேர்ந்தது. விற்கிறவர் தனக்குச் சொத்து வந்த முந்தைய பத்திரத்தின் அசலைக் கொண்டுவர வேண்டும். பத்து நாளுக்குள் எடுத்த வில்லங்கச் சான்று வேண்டும். பூர்வீகச் சொத்து, முன்பத்திரம் இல்லை என்றால் பட்டா போன்ற வருவாய்த் துறை ஆவணம். அசல் தொலைந்திருந்தால் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும். இவை இல்லாவிட்டால் பதிவு இல்லை. அதே ஆண்டு பதிவுச் சட்டத்துக்கு வந்த மாநிலத் திருத்தம், போலிப் பத்திரங்களை ரத்துசெய்யும் அதிகாரத்தை 77ஏ பிரிவின் மூலம் மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தது.

இரண்டும் நிற்கவில்லை. 77ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 55ஏ விதியின் மையப் பகுதியை, அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தள்ளியது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலையில்லை. உரிமையே இல்லாதவர் எழுதிக்கொடுத்தாலும், கையெழுத்திட்டதை ஒப்புக்கொண்டு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கட்டிவிட்டால் பதிந்தாக வேண்டும். இது புதிதாக முளைத்த கருத்தும் இல்லை. 55ஏவுக்கு முன்னாலேயே இருக்கும் 55ஆம் விதி கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஒரே விதிப் புத்தகத்தில் அடுத்தடுத்த இரண்டு விதிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

நீதிமன்றம் தீர்த்தது அதிகாரக் கேள்வியை. அதிகாரத்தை நாளைக்கே சட்டத் திருத்தத்தால் கொடுத்துவிடலாம். அதற்கடுத்த கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை: அதிகாரம் கொடுத்தால் அதைச் செய்யத் தெரிந்த ஆள் அரசிடம் இருக்கிறாரா?

முதலில் விதிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். ஒரே மனையை ஜெராக்ஸ் காட்டி இரண்டு பேருக்கு விற்கிற ஆசாமிக்கு அது தடைதான். அடமானத்தில் இருக்கும் சொத்தை மறைத்து விற்பதும் கடினமானது. ஆள்மாறாட்டத்தில் ஏமாந்தவர்களின் வலியைப் பார்த்துத்தான் துறை இதில் இறங்கியது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே விதி நேர்மையான குடும்பங்களையும் மாட்டிவைத்தது. அசல் பத்திரம் அண்ணன் பீரோவில். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. தம்பியின் பங்கில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அவரால் விற்க முடியாது. அது தொலைந்த பத்திரமும் இல்லை என்பதால் போலீஸ் சான்றும் வாங்க வழியில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரு நிலத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1968இல் ஓர் இந்துக் குடும்பத் தலைவர் தன் சம்பாத்தியத்தில் ஒரு ஏக்கர் நஞ்சை கிரயம் வாங்குகிறார். 1987இல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 1994இல் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள். 2003இல் மூத்தவர் தன் பாகத்தை விற்கிறார். வாங்கியவர் 2019இல் தன் மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதுகிறார். 2023இல் அந்த மகன் விற்க வருகிறார். 55ஏ கேட்பது என்ன? 2019ஆம் ஆண்டு செட்டில்மென்டின் அசல், இருக்கிறது. வில்லங்கச் சான்று, துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது. பதிவாகிவிடும்.

மகள் எங்கே? எந்தப் பத்திரத்திலும் அவர் இல்லை. வில்லங்கச் சான்றிலும் வரமாட்டார். ஒருவர் இறந்து வாரிசுக்குச் சொத்து இறங்குவது பதிவு அலுவலகத்தில் நடக்கிற காரியம் இல்லையே. அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 1968க்கும் 1994க்கும் நடுவில் ஒரு மரணம் இருப்பதைக் கவனித்து, வாரிசுச் சான்று கேட்கத் தோன்ற வேண்டும். தாயும் பாகப்பிரிவினையில் கையெழுத்திடவில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இங்கே அரைகுறைப் பயிற்சி எப்படிக் கவிழ்க்கும் என்பதையும் பார்க்கலாம். ‘மகளுக்குப் பங்கு’ என்றதும் புதியவர் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குத் தாவுவார். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது என்று படித்திருப்பார். இந்தப் பாகப்பிரிவினை 1994இல் நடந்தது, ஆகவே மகளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார். இன்னும் கொஞ்சம் படித்தவர் தமிழ்நாட்டின் 1989 திருத்தத்தை எடுத்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று விசாரிப்பார். இரண்டுமே தவறான பாதை. நிலம் தகப்பனாரின் சுயசம்பாத்தியம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அவர் கண் மூடிய அன்றே மனைவி, மகன்கள், மகள் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்துவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்துக்கான திருத்தங்களுக்கும் இந்த நிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1968ஆம் ஆண்டு கிரயத்தை, அதாவது தாய்ப்பத்திரத்தை, எடுத்துப் படித்து அது சுயசம்பாத்தியம்தான் என்று தீர்மானிக்காதவர் எத்தனை சட்டப் பிரிவு மனப்பாடம் செய்திருந்தாலும் தப்பான விடையைத்தான் எழுதுவார். 55ஏ விதியோ கடைசிக்கு முந்தைய பத்திரத்தோடு நின்றுவிடுகிறது. நான் அதை உரிமை ஆய்வு என்று ஏற்க மாட்டேன். அது காகிதச் சேகரிப்பு.

வில்லங்கச் சான்றைப் படிப்பதும் தனி வித்தை. 1980களில் நடந்த யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பல கிராமங்களில் உட்பிரிவுகள் மாறின. புது எண்ணைப் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் வராது. கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். நிலுவையில் உள்ள வழக்கு தானாக அதில் ஏறாது. பஞ்சமி நிலத்தை இன்னாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை ‘ஏ’ பதிவேட்டின் குறிப்பிலோ பழைய ஒப்படைப்பு ஆணையிலோ கிடக்கும். கோயில் இனாமாக இருந்த நிலம் என்றால் 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பட்டா யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுவரை போக வேண்டும். ‘வில்லங்கம் இல்லை’ என்ற இரண்டு சொல்லை நம்பி எத்தனை பேர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருக்கிறார்கள்!

இதையெல்லாம் செய்யச் சார்பதிவாளரை எப்படித் தயார்செய்கிறோம்? இரண்டாம் நிலைச் சார்பதிவாளர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் வருகிறார். இல்லாவிட்டால் துறைக்குள்ளேயே பதவி உயர்வில் வருகிறார். சட்டப் பட்டம் கட்டாயமில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதன் பிறகு துறைத் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் துறைத் தேர்வுகளில் பல தாள்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தேடத் தெரிந்தவரை அது அடையாளம் காட்டும். பதிவுப் பணிக்கு அது போதும். மேலே சொன்ன மகளைக் கண்டுபிடிக்கிறவரை அடையாளம் காட்டாது. முகூர்த்த நாளில் டோக்கன் வரிசை வாசல்வரை நிற்க, ஒரு பத்திரத்துக்குச் சில நிமிடம் ஒதுக்கக்கூடிய மேசையில் முப்பதாண்டுத் தொடரை யாராலும் படிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சார்பதிவாளர்களுக்கே கூடுதல் பயிற்சி கொடுத்தால் தீர்ந்தது என்ற யோசனையை நான் நிராகரிக்கிறேன். ஆளும் இடமும் நேரமும் வேறாக இருக்க வேண்டிய வேலை இது.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், உரிமைப் பதிவு முறையின் கீழ் வரும் நிலங்களுக்கு, கவுண்டிதோறும் உரிமை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். அவரை நியமிப்பது மாவட்ட நீதிபதிகள். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும். பதிவாளருக்கு அவரே சட்ட ஆலோசகர். இங்கிலாந்தின் நிலப் பதிவகம் வேறு வழியில் போகிறது. அன்றாட விண்ணப்பங்களை வழக்கறிஞர் அல்லாத ஊழியர்களே பார்க்கிறார்கள். சிக்கலானவை சட்டம் படித்தவர்களிடம் மேலே போகின்றன. ஆக, வக்கீல் பட்டம் கட்டாயமா என்பதற்கு ஒரே விடை இல்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவானது, ஆய்வாளர் தவறினால் நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க ஏற்பாடு இருப்பது. தமிழ்நாட்டில் ஒரு கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 9 விழுக்காடு வாங்குகிற அரசு, உரிமை பற்றி ஒரு வார்த்தை உத்தரவாதம் தருவதில்லை.

இங்கிலாந்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உரிமையைத் தரம்பிரித்துப் பதிகிறார்கள்: முழுமையானது, குறையுள்ளது, அனுபோகத்தை மட்டும் வைத்தது என்று. இலங்கையின் 1998ஆம் ஆண்டு உரிமைப் பதிவுச் சட்டத்திலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு. ஆய்வாளருக்கு ‘இதுவரை சரி, இந்த இடத்தில் சந்தேகம்’ என்று எழுத இடம் இருக்கிறது. நம் விதிக்குத் தெரிந்தது பதி அல்லது திருப்பி அனுப்பு, இரண்டே.

அதிகாரத்தை முன்னால் கொடுத்துவிட்டு ஆளைப் பிறகு தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 2022ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம், உரிமைத் தகராறுகளை முதல் கட்டத்தில் உரிமையியல் நீதிமன்றத்திடமிருந்து எடுத்து, புதிதாக நியமிக்கப்படும் அதிகாரிகளிடம் கொடுத்தது. வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள். 2024 தேர்தலில் அது பெரிய பிரச்சினையானது. ஆட்சி மாறியதும் சட்டம் ரத்தானது. எதிர்ப்பில் அரசியலும் தொழில் பயமும் கலந்திருந்தன என்பது உண்மை. ஆனால் ‘யார் அந்த அதிகாரி, அவருக்கு என்ன தெரியும்’ என்று விவசாயி கேட்டபோது, நம்பும்படியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டம் வரவில்லை.

என் முடிவு இது. உரிமை ஆய்வாளர் என்ற தனிப் பதவி வேண்டும். பதிவை மறுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டாம். வாங்க நினைக்கிறவர் கட்டணம் கட்டிக் கேட்டால் தரம்பிரித்து ஓர் அறிக்கை தரட்டும். அது உரிமையியல் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது. பிழைக்கு அரசு இழப்பீடு தர வேண்டும், அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஒவ்வொரு கோப்பிலும் ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதித் தப்பித்துக்கொள்வார், குறை சொல்ல முடியாது. பதிவு, வருவாய், நில அளவை மூன்றிலிருந்தும் ஆள் எடுக்கலாம், சட்டப் பட்டதாரிகளையும் சேர்க்கலாம். எந்தத் துறையிலிருந்து வந்தாலும் மற்ற துறைகளின் பதிவேடுகள் அவருக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

சான்றும் ஒரே சான்றாக இருக்கக் கூடாது. நகர அடுக்குமாடியின் பிரிபடாத பங்கைப் படிக்கத் தெரிந்தவருக்கு நத்தம் தெரியாது, நத்தம் தெரிந்தவருக்கு இனாம் நிலம் தெரியாது. வகைவாரியாகக் கொடுத்து, சில ஆண்டுக்கொரு முறை மறுதேர்வு வைக்க வேண்டும். மகள்களின் பங்கு குறித்த சட்டமே 1989, 2005, பிறகு 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நம் கண் முன்னால் மூன்று முறை நகர்ந்திருக்கிறது.

தேர்வுக்கு வினாத்தாள் தேடி அலைய வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடுவரை போய் முடிந்த சொத்து வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆவணத் தொடர் இருக்கிறது, கடைசியில் நீதிமன்றம் சொன்ன விடையும் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, தீர்ப்பை மறைத்துவிட்டு, ஆவணங்களை மட்டும் கொடுத்து அறிக்கை எழுதச் சொன்னால் போதும். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் போனபோது கிராமக் கணக்கை நுணுகிப் படிக்கும் பழக்கத்தில் பெரும்பகுதி அவர்களோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது ஓய்வுபெற்ற சர்வேயர்களிடமும், பழைய வக்கீல் குமாஸ்தாக்களிடமும், 1982 விதிகளின் கீழ் உரிமம் வாங்கிய மூத்த ஆவண எழுத்தர்கள் சிலரிடமும்தான். பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேட்டைப் புரட்டிக் காட்டத் தெரிந்த அவர்களை முதல் அணிக்குப் பயிற்றுநர்களாக வைக்கப் பட்டம் ஒரு தடையாக இருக்கக் கூடாது. அவர்களில் பலருக்கு இப்போதே எழுபது வயது.