செவியும் செலவும்: வீட்டொலிக் கருவி பற்றிய ஒரு நோக்கு

வீட்டிலிருந்து பாட்டுக் கேட்பதற்கு எவ்வளவு பணம் செலவிடலாம் என்னும் வினா பொருளியலுக்குரியதாகத் தோன்றினும், அடிப்படையில் அது சுவை பற்றிய வினாவேயாகும். நூலின் விலையைக் கொண்டு அதன் தரத்தை அளக்கும் திறனாய்வாளன் எள்ளி நகையாடப்படுவான். கருவியின் விலையைக் கொண்டு இசையை அளப்பவனோ இரசிகன் எனப் பெயர் பெறுகின்றான். இம்மயக்கத்தை மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் கிராமமாகிய வங்காலையை முன்வைத்து ஆராய்தல் பொருத்தமானது. கேட்கும் மரபு வலிதாகவும், கைப்பணம் பருவத்தோடு வந்து போவதாகவும் உள்ள ஊர் அது.

இலங்கையில் ஒலிக்கருவியின் விலையை வாங்குவோனின் விருப்பு மட்டும் தீர்மானித்ததில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் யப்பானியக் கசற் வானொலிகள் வீடுகளிற் புகுந்தன. 1990இன் பின்னர் வடக்கின் பல பகுதிகளுக்குப் பற்றரி செல்வதே தடைப்பட்டது. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் கேட்டவர் பலர். சிற்றலையின் இரைச்சலூடே வந்த அக்குரலுக்குக் கொடுக்கப்பட்ட விலை ரூபாவில் அளக்கத்தக்கதன்று. 2022இல் டொலர் சில வாரங்களுள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவிற்கு உயர்ந்தபோது, இறக்குமதிக் கருவியின் விலையும் அதனோடு ஏறியது. கருவியின் ஒலி மட்டும் முன்பிருந்தவாறே இருந்தது.

வணிகர் முன்னிறுத்தும் அளவுகோல் வொற். இதுவே பெரும்பாலாரை ஏமாற்றுவதும் ஆகும். ஒலி இருமடங்கு உரத்துக் கேட்க, மின்வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும் என்பது ஒலியியலார் கண்டது. 10 வொற் கருவியை விட்டு 20 வொற் கருவியை வாங்குபவன் பெறும் வேறுபாடு சிறிதே. சிறு அறையில் அமைதியாகக் கேட்போனுக்கு ஓரிரு வொற்றே பெரும்பாலும் போதும். எஞ்சிய வலு யாருக்கு? அயல்வீட்டாருக்கு என்பதே நேர்மையான விடை. கலியாண வீட்டில் அதற்கொரு நியாயம் உண்டு, நாள்தோறும் இல்லை.

அறையும் கருவியின் ஒரு பகுதியே. பனையோலை வேய்ந்த வீட்டிற் கூரை ஒலியை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். சீமெந்துச் சுவரும் வழவழப்பான தரையும் கொண்ட புதிய வீட்டில் அதே பாட்டு மோதித் திரும்பிச் சொற்களை மயக்கும். அங்கே தடித்த திரைச்சீலையும் பாயும் தரும் தெளிவை விலையுயர்ந்த கருவி தருவது அரிது. உப்புக்காற்றும் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதே. கடலோரத்தில் உலோக இணைப்புகள் விரைவில் துருவேறுகின்றன. பத்தாண்டு உழைக்கும் எனக் கருதி வாங்கியது அதற்கு முன்னரே பழுதாகலாம். அத்துடன், சோளகம் எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருவாய் குன்றும். தவணைப் பணம் குன்றாது.

2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டக் கட்டத்தில் வடபகுதிக் குடும்பமொன்றிற்கு வீடு கட்ட வழங்கப்பட்ட தொகை 5,50,000 ரூபா. மேலைநாட்டு ஒலிப்பித்தர் ஒரு சோடி ஒலிபெருக்கிக்கே இதனினும் மிகுதியாகக் கொடுப்பதுண்டு. இவ்வொப்பீட்டைக் காட்டி, இசைக்குச் செலவிடுவதே ஆடம்பரம் என்பாரும் உளர். அவர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. உழைத்துக் களைத்தவனின் செவிக்கு நல்ல ஒலி வேண்டாம் என விதிக்க எவருக்கும் உரிமையில்லை. குறை செலவிடுவதில் இல்லை. செலவு முழுவதும் ஒலியின் கடைவாயிலுக்கே போய்விடுவதில் உள்ளது.

ஒலியின் தலைவாயில் பதிவு ஆகும். அங்கே இழந்ததை எந்த ஒலிபெருக்கியும் மீட்டுத் தராது. மன்னார்க் கத்தோலிக்கரின் நாடகங்களும் வாசாப்புகளும் வடபாங்கு, தென்பாங்கு எனப் பாங்கு பிரித்துப் பாடப்படுவன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவற்றைப் பதிப்பித்தமையால் அவற்றின் சொற்கள் அச்சேறின. ஆனால் அண்ணாவி விருத்தத்தை எங்கே நிறுத்தினார், மத்தளம் அவருக்கு எவ்வளவு இடங்கொடுத்தது என்பவற்றை அச்சு சொல்லாது. 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் வியாகுலப் பிரசங்கமும் அத்தகையதே. தவக்காலத்தில் அதனை இழுத்துப் படிக்கும் குரல்களிலேதான் அதன் துயரம் முழுமை பெறுகின்றது.

ஆகவே, 50,000 ரூபா ஒதுக்க எண்ணும் குடும்பம் 30,000 ரூபாவுள் ஒரு சோடி எளிய ஒலிபெருக்கியை அமைத்துக்கொண்டு, எஞ்சியதில் ஓர் ஒலிவாங்கியைத் தேடுதல் தகும். கைத்தொலைபேசியோடு இணைத்தாலே போதும். கடற்காற்றின் இரைச்சல் புகாதவாறு அதன்மேல் ஒரு பஞ்சுறை போடப்பட வேண்டும். பாடுபவருக்கு அண்மையில், ஒலிபெருக்கிகளுக்கு விலகி அதனை வைக்க வேண்டும். முதற் பதிவு அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாடத் தெரிந்த மூதாட்டி ஒருவர் அதே வீட்டுத் திண்ணையில் இருக்கக்கூடும்.