யாகோபி தொடுத்த வழக்கு

மலர்க் குழுவினர் எனக்கு ஒதுக்கிய பொருள், ஜெர்மன் கருத்துமுதல்வாத விவாதங்களில் இறைக்கொள்கையும் இயற்கைவாதமும். நம் உறுப்பினர்களுக்குக் காண்ட் யார், ஹெகல் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெகலின் மாணவர்கள் வலம், இடம், நடு என்று பிரிந்த கதையும் தெரிந்ததுதான். மறைந்த எங்கள் ஆசிரியரின் வழியில் நின்று, இந்த விவாதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

சபையில் ஹெகலின் தர்க்க நூலிலிருந்து தொடங்கும் மூத்தவர்கள் உண்டு. ஃபாயர்பாக்கிலிருந்து பின்னோக்கிப் படிப்பவர்களும் உண்டு. இரு தரப்பிடமும் நான் கற்றிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் மட்டும் எப்போதும் யாகோபியிடமிருந்துதான் தொடங்குவார். 1780 கோடையில் வோல்ஃபன்பியூட்டலில் லெஸ்ஸிங்கைச் சந்தித்த யாகோபி, அவர் தம்மை ஸ்பினோசாவின் பக்கம் நிற்பவராகச் சொல்லிக்கொண்டார் என்று பின்னர் எழுதினார். லெஸ்ஸிங் இறந்தபின், 1785இல், மெண்டல்சோனுக்கு எழுதிய அந்தக் கடிதங்கள் நூலாயின. வழக்கு இதுதான்: ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டே போகும் அறிவு கடைசியில் இயற்கையைத்தான் காணும், அறிவும் இச்சையும் உடைய கடவுளுக்கு அதில் இடமில்லை, அவரை நம்பித்தான் அடைய வேண்டும். பகுத்தறிவாலேயே கடவுளை நிறுவிவிடலாம் என்றிருந்தவர்களுக்கு இது பேரிடி. காண்ட் 1786இல் கட்டுரை எழுதிக் குறுக்கிட்டார். மறு ஆண்டு ஹெர்டர், உயிருள்ள சக்திகள் நிறைந்த ஒரு ஸ்பினோசாவைக் காட்டி வழக்கைத் தணிக்கப் பார்த்தார்.

இரண்டாம் சுற்று ஃபிக்டேயுடையது. கடவுள் என்பது அறநெறி உலக ஒழுங்கே என்று 1798இல் எழுதியதற்காக நாத்திகர் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1799இல் யேனா பதவியை இழந்தார். அதே ஆண்டு யாகோபி அவருக்கு எழுதிய திறந்த கடிதத்தை ஆசிரியர் பலமுறை எங்களைப் படிக்க வைத்திருக்கிறார். வடிவியலையும் எண்கணிதத்தையும் நாத்திகம் என்று சொல்ல முடியாதது போல இந்தத் தத்துவத்தையும் சொல்ல முடியாது, அதே காரணத்தால் இது இறைக்கொள்கையாகவும் ஆகாது என்பது யாகோபியின் வாதம். குற்றம் சாட்டியவர்கள் எவரும் இவ்வளவு கூர்மையாகப் பேசவில்லை.

ஆனால் ஆசிரியர் உயிராய்ப் போற்றியது மூன்றாம் சுற்றை. 1811இல் யாகோபி தெய்விகப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, பெயர் சொல்லாமல் ஷெல்லிங்கைத் தாக்கினார். மியூனிக்கில் யாகோபி அறிவியல் அகாடமியின் தலைவர். ஷெல்லிங் கலை அகாடமியின் பொதுச் செயலர். ஒரே ஊர், முகம் பார்க்கும் தூரம். 1812இல் வந்த ஷெல்லிங்கின் மறுப்பில் கடுமை மிகுதிதான். ஆயினும் அதில்தான் அந்தப் பெரும் வாதம் இருக்கிறது: இயற்கைவாதம் இறைக்கொள்கைக்குப் பகை அன்று, அதன் அடித்தளம், கடவுளுக்குள்ளேயே ஓர் இயற்கை இல்லையென்றால் உயிருள்ள கடவுளே இல்லை. 1809இல் சுதந்திரத்தைப் பற்றிய நூலில் போட்ட வித்து இங்கே முளைக்கிறது. இவ்விருவரையும் படித்தவருக்கே ஹெகலின் மத விரிவுரைகளில் என்ன பணயமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரியும். 1835இல் ஸ்ட்ரௌஸ், 1841இல் ஃபாயர்பாக், மறுபுறம் ஃபிக்டேயின் மகனும் வைஸ்ஸேயும் எல்லோரும் இந்த வழக்கின் வாரிசுகள்தாம்.

எதிர்த்தரப்பு ஏற்கும்படி அதன் வாதத்தைச் சொல்லிக் காட்டாதவன் தன் வாதத்தைத் தொடக்கூடாது என்பது ஆசிரியர் வைத்த விதி. யாகோபிக்காக வாதாடத் தெரியாதவரை அவர் ஹெகலைப் பற்றிப் பேச விட்டதில்லை. இன்று நிலைமை வேறு. யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஊக்கமுள்ள இளையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் ஹெகல் இறைவாதியா இயற்கைவாதியா என்ற தீர்ப்போடு மேடை ஏறுகிறவர்களில் எத்தனை பேர் 1785ஆம் ஆண்டுக் கடிதங்களைப் புரட்டியிருக்கிறார்கள்? ஓர் அறிமுக நூல், அதன் முன்னுரை, அதிலிருந்து ஒரு முத்திரை. அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. கேள்வி நேரத்தில் யாகோபியின் பெயரைச் சொன்னால் நேரமாகிவிட்டது என்கிறார்கள். மூல நூலைத் தொடாமல் பேசுவதை ஒரு முறை அனுமதித்தால், மறுமுறை அது வழக்கம். பத்தாண்டில் அதுவே பாடம். அப்புறம் எதற்கு வாசிப்புச் சபை, எதற்கு மலர்? நூலகத்தில் அட்டை கிழியாத அந்தத் தொகுதிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

வரும் ஆண்டின் வாசிப்புத் திட்டத்தில் 1811, 1812 நூல்களை அடுத்தடுத்து, முழுமையாக, சுருக்கம் எதுவுமின்றி வைக்குமாறு மூத்தவர்களை வேண்டுகிறேன். ஹெகலுக்கு அதன் பிறகு வரலாம்.