தொண்டகச் சிறுபறை: குறிஞ்சிப் பாடல்களில் பறையும் வழிபாடும்

ஆரணியை அடுத்த திருமலை, முதலாம் இராசேந்திரனது 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டாலும், குந்தவை பெயரால் அமைந்த சினாலயத்தாலும் வரலாற்று மாணவர் நன்கறிந்த குன்று. தமிழ் மாணவர்க்கு அவ்வட்டாரம் பிறிதொரு வகையாலும் உரியது. திருமலைக்குத் தென்மேற்கேயுள்ள செங்கமும், அறிஞர் பருவதமலையெனக் கொள்ளும் நவிரமும், சேயாறும் மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது நாட்டைச் சார்ந்தவை. அப்பாட்டின் பெயரே மலையில் எழும் ஒலி பற்றியது. அவ்வொலிகளுள் ஒன்றாகிய பறையை, சிறப்பாகக் குறிஞ்சிச் சிற்றூரார் வழிபாட்டிற் கொட்டிய பறையை, இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

குறிஞ்சிப் பறையைப் பற்றி இருவகைக் கருத்துகள் நம்மிடையே வழங்குகின்றன. வெறியாட்டைச் சங்கப் புலவர் எள்ளினர். ஆதலின் அதன் பறையையும் பலியையும் அறியாமையின்பாற் படுத்துக் கடிந்தனர் என்பது ஒன்று. திருமுருகாற்றுப்படையை முன்வைத்து, அப்பறை முருகனுக்கே உரிய தெய்வக் கருவி என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் ஒரு பிழையில் உடன்படுகின்றன. இரண்டும் பறையை வெறிக்களத்தின் உள்ளேயே வைத்துக் காண்கின்றன. களத்திற்கு வெளியே அப்பறை யாது செய்தது, யார் கையில் இருந்தது என்னும் வினாவை இரண்டும் எழுப்பவில்லை.

தொண்டகம் ஒலிக்கும் இடங்கள்

தொண்டகச் சிறுபறை என்னும் பெயரைத் தொடர்ந்து சென்றால் விடை தானே புலப்படும். பேரி சாத்தனார் பாடிய நற்றிணை 104-இல், மலைச்சாரலில் ஆண்புலியும் களிறும் பொருகின்றன. குறச்சிறுவர் அச்சமின்றிக் குண்டுக்கல்லின் மேலேறி நின்று அப்போரைக் காண்கின்றனர். மகிழ்ச்சி மீதூரத் தொண்டகத்தைக் கொட்டுகின்றனர். அவ்வொலி கேட்டு அயலேயுள்ள தினைப்புனத்திற் படிந்த கிளிகள் பறந்தோடுகின்றன. சிறுவர் கருதியது விளையாட்டு; விளைந்தது புனங்காவல். இவ்விரண்டையும் ஒரே ஒலியின் பயனாகப் புலவர் அமைத்தமை நோக்கத்தக்கது.

குறுந்தொகை 375-இல் சூழல் வேறு. தினை விளைந்த அகன்ற புனம், இரவில் கதிர் அரியும் வழக்கம், உறங்காத யாமங்காவலர். நள்ளிரவிலும் தொண்டகம் ஓயாது ஒலித்தலின், இன்று தலைவன் வாராதிருத்தலே நன்று என்கின்றாள் தோழி. ஈண்டுப் பறை உழைப்போடும் காவலோடும் இயைந்து, காதலர்க்கு இடையூறாகவும் நிற்கின்றது. தெய்வத்தின் பெயரோ வேலனின் பெயரோ இவ்விரு பாட்டிலும் இல்லை.

இனித் திருமுருகாற்றுப்படைக்கு வருவோம். குன்றுதோறாடற் பகுதியில், வில்வல்ல கானவர் மூங்கிற் குழாயில் முற்றிய தேறலைத் தம் சிற்றூர்ச் சுற்றத்தோடு உண்டு மகிழ்ந்து, தொண்டகச் சிறுபறை கொட்டிக் குரவை அயர்கின்றனர். முருகனும் மகளிரொடு கைகோத்து அக்குன்றுகளில் ஆடுகின்றான். கிளி அஞ்சிய பறையும், கதிர் அரிவோரோடு இயைந்த பறையும், முருகன் ஆடும் குன்றில் ஒலித்த பறையும் பெயரால் ஒன்றே. நக்கீரர் இவ்விடத்து அருங்கருவி ஒன்றைத் தேடிச் சென்றாரல்லர். ஊரார் நாள்தோறும் கையாண்டதனையே கூறினர்.

மலைபடுகடாம் தரும் சான்று

பெருங்கௌசிகனாரின் 583 அடிப் பாட்டில் இதனினும் தெளிவான சான்று உண்டு. அவர் நிரல்படத் தொகுத்த மலையொலிகளுள் இரு பறைகள் இடம்பெறுகின்றன. ஒன்று, குறவர் தம் பெண்டிரொடு வானளாவிய உச்சியில் குரவை அயருங்கால் கொட்டும் மான்தோற் சிறுபறை. மற்றொன்று, சேம்பும் மஞ்சளும் காப்போர் பன்றி வெருட்டக் கொட்டும் பன்றிப்பறை. இவற்றினிடையே அருவியின் இழுமெனும் ஓசையும், புலி கிழித்த புண்ணுற்ற கணவர்க்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டும், கரும்பாலையின் ஒலியும், தினை குற்றுவோர் பாட்டும் வருகின்றன. இறுதியில் இவையனைத்தையும் மலையாகிய யானையின் மதம் என்று ஒரு பெயரால் தொகுத்துரைக்கின்றார் புலவர்.

திருமுருகாற்றுப்படையின் குரவையையும் இதனையும் ஒப்பிட்டால், மலைமக்கள், கள், சிறுபறை, கூடியாடல் ஆகிய உறுப்புகள் இரண்டிடத்தும் ஒன்றாதல் காணலாம். வேறுபாடு ஒன்றே: ஆண்டு முருகன் உளன், ஈண்டு அவன் பெயர் இல்லை. எனவே மலைபடுகடாத்துக் குரவை வழிபாடு அன்று, வெறும் களியாட்டமே என்று துணியலாமோ? துணிதல் இயலாது. திருமுருகாற்றுப்படைக் குரவை களியாட்டம் அன்று, வழிபாடே என்று துணிதலும் அவ்வாறே இயலாது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு நாம் இட்டது. அம்மலைவாணர் இட்டது அன்று. வழிபாட்டுக்கெனத் தனிநாளும் தனிக்கருவியும் ஒதுக்கிய வாழ்வை இப்பாடல்கள் காட்டவில்லை.

எள்ளப்பட்டது எது?

அங்ஙனமாயின் வெறியாட்டுப் பாடல்களில் உள்ள எள்ளல் யாது பற்றியது? நற்றிணை 34-இல், நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிமனைக்கு வந்த முருகனையே தோழி அறியாமை உடையவன் என்கின்றாள். குறுந்தொகை 362-இல், நோய்க்குக் காரணமான மலைநாடன் மார்பும் இப்பலியை உண்ணுமோ என வேலனை வினவுகின்றாள். அகநானூறு 22-இல், தலைவன் வந்து தணித்த நோயை வேலன் தணித்ததாக இல்லத்தார் கருதியது கண்டு தலைவி நகுகின்றாள். இவற்றுள் எள்ளப்படுவது நோய்முதல் அறியாமை. ஒருத்தியின் உள்ளத்தை அவளிடம் வினவாது, கழங்கிடமும் வேலனிடமும் வினவும் தவறு. பறை இகழப்பட்டதாக இவற்றுள் ஒரு சொல்லும் இல்லை. அகநானூறு 98-இல் பல இயங்கள் கூடி ஒலிக்கும் வெறிக்களம் விரிவாக வரும். ஆண்டும் தலைவியின் அச்சம் அவ்வொலியைப் பற்றியதன்று, வெறியின் விளைவைப் பற்றியதே.

இதற்குச் சொல்வழிச் சான்றும் உண்டு. முருகனை வரச்செய்தமை கூறும் தொடர் அகநானூறு 22-இலும், திருமுருகாற்றுப்படையின் பழமுதிர்சோலைப் பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துள்ளது. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் ஆய்வுக்குப் பின், இத்தகைய ஒப்புமைகளை வாய்மொழி மரபின் வாய்பாடுகள் என அமைதல் எளிதாயிற்று. ஆயினும் வாய்பாடு எனக் கூறுவதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. ஒரே தொடர் ஓரிடத்து நகைக்கும் மற்றோரிடத்து வணக்கத்திற்கும் பயன்பட்டதெனின், நகைக்குரியது அச்சடங்கு அன்று, அது தவறாக நிகழ்த்தப்பட்ட சூழலே என்பது பெறப்படும்.

இம்முடிபை உறுதி செய்வது சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவை. கண்ணகி வானேறக் கண்ட மலைவாணர், தொண்டகமும் சிறுபறையும் தொடுமாறும், கொம்பு ஊதுமாறும், மணி இயக்குமாறும், குறிஞ்சி பாடுமாறும் ஒருவரையொருவர் ஏவிக்கொள்கின்றனர். வேலனை அழைத்தாரல்லர், நாள் பார்த்தாரல்லர். கண்ட வியப்பே அவர்தம் வழிபாடாயிற்று. அக்காதையிலேயே, வெறியாட வரும் வேலனும், அவன் அழைக்க வரும் முருகனும் மடவர் என எள்ளும் பாடல்களும் உள. ஒரு காதைக்குள் ஒரு புலவரே வேலனை எள்ளிப் பறையைப் போற்றினர் எனின், முற்கூறிய இருவகைக் கருத்துகளும் நில்லாமை வெளிப்படை.

ஒரு தடை

உரைமரபு குறிஞ்சிக்குத் தொண்டகத்தையும் வெறியாட்டுக்குரிய பறையையும் இருவேறாக எண்ணுதலின், ஒன்றன் இயல்பை மற்றொன்றற்கு ஏற்றுதல் பொருந்தாது என்று தடை நிகழலாம். தடை தக்கதே. திருமுருகாற்றுப்படையும் குரவைக்குத் தொண்டகத்தையும், குறமகள் தெய்வத்தை அழைக்குமிடத்து முருகியத்தையும் வேறாகவே கூறும். எனினும் குறமகளின் களத்தில் அருவியொலியோடு சேர்ந்தே இன்னியம் ஒலிக்கின்றது. வழிபடு கருவியின் ஒலி மலையின் ஒலியினின்றும் பிரிக்கப்படவில்லை. மேலும், குன்றக்குரவையில் தெய்வத்தை வரவேற்கத் தொண்டகமே முதற்கண் ஏவப்படுகின்றது. கருவிகள் இரண்டாயினும் அவை வாழ்ந்த உலகம் ஒன்றே என்க.

முடிபு

இவ்வாராய்ச்சியின் பயன் சொற்பொருள் விளக்கத்தோடு அமைவதன்று. புறநானூறு 335 துடியனையும் பறையனையும் குடிகளாக எண்ணுகின்றது. புறநானூறு 287-இல் துடி எறிவோனை விளிக்கும் சொற்கள் தாழ்வு குறிப்பன என்பர் பலர். கொட்டுவோர் தனிக்குடியாதலும், அக்குடி தாழ்த்தப்படுதலும் பின்னர் வளர்ந்து, பறை என்னும் சொல்லே பழிச்சொல்லாகக் கருதப்படும் நிலை வந்தது. யாம் காட்டிய குறிஞ்சிச் சான்றுகளில் கொட்டுவோர் சிறுவர், காவலர், கானவர், குரவை அயரும் ஊரார் ஆவர். ஒருவர்க்கும் இழிவு கூறப்படவில்லை. பறையை ஒரு குடியின் சுமையாகக் காண்பது தமிழ் மரபின் முழு உண்மை அன்று. அனைவர் கையிலும் பறை இருந்த மலையொன்றும் நம் இலக்கியத்தில் உண்டு.

வடதமிழகச் சிற்றூர்களில் பம்பையும் உடுக்கையும் முழங்க அம்மனை வருணித்து அழைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அதனை ஆராயச் செல்லும் மாணவர், தெய்வம் இறங்கும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு மீளுதல் சாலாது. அக்கருவி பிறநாள்களில் எங்கு உள்ளது, யார் கையில் உள்ளது, கொட்டுவோர்க்கு அவ்வூர் தரும் இடம் யாது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். பன்றிப்பறையையும் குரவைப் பறையையும் ஒரு பாட்டில் அடுத்தடுத்துக் கேட்ட பெருங்கௌசிகனார் நமக்குக் காட்டிய நெறி அதுவே.