நேர்க் கைப்பிடியும் வெரிபீக் காற்றும்

மெல்பர்னை அடுத்த வெரிபீயில் முதல் சைக்கிள் வாங்கப் போகிறவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பது ஃப்ளாட் பார் வண்டிதான்: வளைவில்லாத நேர்க் கைப்பிடி, சற்றே தடித்த டயர், டிஸ்க் பிரேக். தார், சரளை இரண்டுக்கும் ஆகும், ஓட்டுவதற்கும் சுகம் என்பார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சுகத்தைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

இந்த ஊரில் ஒரே சவாரியில் தரை பலமுறை மாறும். மெல்பர்னின் கழிவுநீரை வெரிபீப் பண்ணைக்குக் கொண்டுவர 1890களில் கட்டிய கால்வாயை ஒட்டிப் போகிறது ஃபெடரேஷன் டிரெயில், பெரும்பாலும் கான்கிரீட். ஆற்றோரப் பாதையில் இறங்கினால் சில இடங்களில் சரளை. யூ யாங்ஸ் குன்றுகளைச் சுற்றும் சாலையோ தார் காணாதது. நாய் கூட்டி வருபவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் எதிர்ப்படும் பொதுப்பாதைகளில் வேகத்தைவிட உடனே நிற்கும் திறன்தான் முக்கியம். நேர்க் கைப்பிடியில் விரல் எப்போதும் பிரேக் மேலேயே இருக்கிறது, பார்வை நிமிர்ந்திருக்கிறது. உதிரிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கினாலும் அகலமான பிடி வண்டியை மீட்டுத் தரும். இவை உண்மையான பலங்கள். ட்ராப் பார் எனப்படும் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியின் ரசிகர்கள் இவற்றைக் குறைத்தே பேசுகிறார்கள்.

ஆனால் மேடில்லாத வெரிபீயில் ஏற்றத்தின் வேலையைக் காற்று செய்கிறது. பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. தடுக்க மலையும் இல்லை, அடர்ந்த மரமும் இல்லை. கோடையில் வடக்கிலிருந்து அனல், பருவம் மாறும் நாளில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று. சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகம் போனாலே உழைப்பில் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகிறது. நிமிர்ந்த மார்பு அந்தச் செலவைக் கூட்டுகிறது. குனிய நினைத்தாலும் நேர்க் கைப்பிடி இடம் கொடுப்பதில்லை. கைக்கும் மாற்றுப் பிடி கிடையாது. ஒரு மணி நேரத்துக்குமேல் போனால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவதைப் பலர் அறிவார்கள். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸை ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாக இருக்கும்: அதன் பின்வளைந்த கைப்பிடியில் மணிக்கட்டு இயல்பாக நின்றது. நிமிர்ந்து உட்காருவதும் கைக்குச் சுகமும் ஒன்றல்ல. 720 மி.மீ.க்கு மேல் அகலமான மலைவண்டிக் கைப்பிடியைச் சமவெளி வண்டியில் பொருத்தி விற்பதில் எனக்கு நியாயமே தெரியவில்லை. இரு முனையையும் கொஞ்சம் அறுத்து, பார் எண்ட் என்ற சிறு கொம்புகளைப் பூட்டினால் பாதிக் குறை தீரும், செலவும் அதிகமில்லை.

அதே ஹெர்குலிஸின் 28 × 1½ அங்குல டயர் ஏறத்தாழ 40 மி.மீ. அகலம். இன்று சரளை வண்டிகளுக்கு உகந்ததாகச் சொல்லப்படும் அளவும் அதுதான்! தாரும் மண்ணும் மாறி மாறி வந்த ஊர்ச்சாலைகள் எப்போதோ கண்டுகொண்ட கணக்கு. ஆகவே கைப்பிடியைவிட முதலில் பார்க்க வேண்டியது, ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் 40 மி.மீ. டயர் தாராளமாகச் சுழல இடம் உண்டா என்பதை. காற்றழுத்தத்தை அளவோடு குறைத்த அந்த டயரே போதிய அதிர்வை விழுங்கிவிடும். மலிவு வண்டிகளின் ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டும், பராமரிப்பு கேட்கும், சிறு சரளைக்கு அசையவே அசையாது. விலைப்பட்டியலில் மட்டும் அழகாக இருக்கும்.

பிடிக்காவிட்டால் பிறகு கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொரு மாயை. ஃப்ளாட் பார் சட்டம் நீளமாக அமைந்தது; அதில் ட்ராப் பார் வைத்தால் கை எட்டாமல் முதுகு இழுக்கும். பிரேக் பிடியையும் கியர் பிடியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பிரேக்கும் கியரும் புதிய பிடிகளோடு ஒத்துப்போகாமல் அவற்றையும் கழற்ற நேரலாம். கூட்டிப் பார்த்தால் சில சமயம் இன்னொரு வண்டி விலை வந்துவிடும்.

ரயில் நிலையம், கடை, ஆற்றோரம், பிள்ளைகளோடு ஞாயிறு சவாரி என்பவருக்கு ஃப்ளாட் பாரே சரி. காற்றை எதிர்த்து ஜீலாங் வரை போய்வர ஆசைப்படுபவர் ட்ராப் பாருக்குப் பணம் சேர்ப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர், ஸ்பிரிங் இல்லாத 1990களின் இரும்புச் சட்ட மலைவண்டி ஒன்றைப் பழைய வண்டி விலைக்குத் தேடலாம். 26 அங்குலச் சக்கரத்துக்கு வழுவழுப்பான டயர் இன்றும் கிடைக்கிறது. வாங்குமுன் சீட் கம்பி அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.