வாசிக்கத் தெரியாத சட்டம்

மனித உரிமை பற்றிய நம்மட எழுத்துக்கள் பெரும்பாலும் இழப்புகளைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. 1990 வெளியேற்றம், பறிபோன காணி, எரிந்த கடைகள், எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள். அவை எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் யுத்தத்திலிருந்து மீளும் ஒரு நாட்டில் உரிமையைக் காக்க வந்த சட்டமே உரிமையைப் பறிக்கும் விதத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐசிசிபிஆர் சட்டம் என்றால் எல்லாருக்கும் விளங்கும். இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்குவதாகச் சொல்லிக்கொண்டு அது வந்தது. சமவாயத்தின் உரிமைகளில் ஒரு சிலதான் அதற்குள் இடம்பெற்றன. உயிர்வாழும் உரிமைகூட இல்லை. வன்முறையைத் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைத் தண்டிக்கும் 3ஆம் பிரிவு மட்டும் கடுமையாக அமைந்தது. சட்டம் வந்தபோது பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே இருந்தது. அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்.

2014 ஜூனில் ஒரு பொதுக்கூட்டத்தைத் தொடர்ந்து அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது இந்தச் சட்டம் இருந்தது. அது எங்களைக் காக்கவில்லை. 2019இல் அதே சட்டம் வேறு ஆக்கள் மீது பாய்ந்தது. பேஸ்புக்கில் ஒரு சிறுகதையை வெளியிட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் கிடந்தார். அதே ஆண்டு மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் உடையிலிருந்த படத்துக்காகக் கைதானார். கப்பலின் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று வாசித்துவிட்டார்கள்.

2020இல் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பின் பேரில் கைதானது வேறொரு சட்டத்தின் கீழ்: 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. சட்டம் வேறானாலும் பிழை ஒன்றுதான். கவிதையில் பேசுகிற குரலையும் கவிஞனையும் பிரித்துப் பார்க்காத வாசிப்பு அது. இலக்கியம் படிக்கிற மாணவனுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதை, ஒருவரை மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் அதிகாரம் கொண்டவர்கள் அறிந்திருக்க வேண்டியதில்லையா?

வழி இல்லாமலில்லை. வெறுப்புப் பேச்சை மதிப்பிட 2012இன் ரபாத் செயற்திட்டம் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசுபவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் சாத்தியம். நல்ல விமர்சகன் ஒரு பிரதியிடம் கேட்கும் கேள்விகளும் கிட்டத்தட்ட இவைதான். கைதுக்குப் பிறகல்ல, கைதுக்கு முன்னரே இவை கேட்கப்பட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் செய்த திருத்தம் தடுப்புக்காவலின் உச்சத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. அதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நம்மட மார்க்கத்தை ஒருத்தன் கேலி செய்தால் "ஐசிசிபிஆரில உள்ளே போடுங்க" என்று நாமும் கேட்கிறோம். மனம் புண்படுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. இந்த வேறுபாட்டை நமக்கு வசதியான நேரத்தில் நாம் மறந்தால், சத்குமாரவுக்கும் அஹ்னாபுக்கும் நியாயம் கேட்கும்போது நமது பேச்சு எடுபடாது.