விளக்கும் கத்தியும்

வட ஆபிரிக்காவின் மதௌராவில் பிறந்த அபுலேயுஸ், 2ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய ‘பொற்கழுதை’ நாவலுக்குள் கியூபிட்–சைக்கி கதை வருகிறது. இருட்டில் மட்டுமே வரும் கணவன், தன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்கிறான். அவன் பாம்பென்று சகோதரிகள் பயமுறுத்த, சைக்கி விளக்கோடும் சவரக்கத்தியோடும் அவனைக் கொல்லப் போகிறாள். படுத்திருப்பவனோ காதற்கடவுள்! கத்தி நழுவுகிறது, விளக்கின் சூடான எண்ணெய்த் துளி அவன் தோளைச் சுடுகிறது. கடவுள் காயத்தோடு தாய்வீட்டில் போய்ப் படுக்கிறான்.

மீறிப் பார்த்ததற்கான தண்டனைக் கதையாக இதை வாசிப்போர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. மூஞ்சி தெரியாத மனிசனோட எத்தனை நாளைக்குத்தான் குடும்பம் நடத்துறது? அவனுடைய அம்பு விரலில் குத்தி அவள் காதலில் விழுவதும் அந்த வெளிச்சத்தில்தானே? பிறகு வீனஸ் அவளுக்கு 4 கடும் வேலைகளைச் சுமத்துகிறாள். முகம் மறைத்தவனுக்கு ஒரு வேலையுமில்லை. கதையின் பெருங்குறை அதுதான்.